நீர்நிலவியல்: ஒரு கலைச்சொல்லின் பொருளும் வரலாறும்

நீர்நிலவியல் என்பது நிலத்தடி நீர் மண்ணிலும் பாறையிலும் எவ்வாறு தங்குகிறது, எவ்வாறு நகர்கிறது, நகரும் வழியில் அதன் தன்மை எவ்வாறு மாறுகிறது என்பவற்றை ஆராயும் அறிவியல் துறையாகும். ஆங்கிலத்தில் ஐட்ரோஜியாலஜி எனப்படும் சொல்லுக்கு இணையாக இது தமிழில் வழங்குகிறது. நிலத்தடி நீரியல், நிலநீரியல், நீர்ப்புவியியல் என்ற பெயர்களும் இதே துறைக்கு எழுதப்படுகின்றன.

இச்சொல் தோன்றியபோது அதன் பொருள் வேறு. 1802ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஒரு நூலின் தலைப்பாக அமைந்தபோது அது நிலத்தடி நீரைக் குறிக்கவில்லை. இன்றைய பொருளைப் பெற ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆனது. அந்த இடைவெளியில் நீதிமன்றங்கள் நிலத்தடி நீரைப் பற்றித் தீர்ப்புகள் எழுதிவிட்டன. அத்தீர்ப்புகளின் அடிப்படையில் அமைந்த ஒரு சட்டவிதி இந்தியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றை அறிவது, ஒருவர் தம் நிலத்தில் தோண்டும் கிணற்றின் நீர் யாருக்கு உரியது என்ற கேள்வியின் வரலாற்றை அறிவதும் ஆகும்.

சொல்லின் அமைப்பு

ஐட்ரோஜியாலஜி என்பது மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு. முதல் உறுப்பு நீரையும், இரண்டாவது நிலத்தையும், மூன்றாவது ஆய்வுரை அல்லது அறிவு என்பதையும் குறிக்கும். பின்னிரண்டு உறுப்புகளும் சேர்ந்தால் நிலவுலகின் பாறைகளையும் அவற்றின் வரலாற்றையும் ஆராயும் துறையின் பெயர் கிடைக்கும். அதன் முன் நீர் என்ற உறுப்பு சேரும்போது, பாறைகளை அவற்றிலுள்ள நீரை முன்வைத்து ஆராயும் துறை என்று பொருள்படும்.

உறுப்புகளின் வரிசையை மாற்றினால் ஜியோஐட்ராலஜி என்ற மற்றொரு சொல் உண்டாகும். இதில் அடிப்படை நீரியல்; நிலம் அதற்கு அடைமொழி. பாறையியல் பயின்றவர் முதற்சொல்லையும், பொறியியல் பயின்றவர் இரண்டாம் சொல்லையும் விரும்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. இன்று பெரும்பாலான நூல்கள் இரண்டையும் ஒரே பொருளில் கையாளுகின்றன.

சொல்லுக்கு முந்தைய அறிவு

துறைக்குப் பெயர் வருவதற்கு முன்பே நிலத்தடி நீரைப் பற்றிய அறிவு பல நாடுகளில் இருந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஒரு தனி இயல் உள்ளது. மரங்கள், புற்றுகள், மண்ணின் நிறம், பாறையின் தன்மை ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைக்கும் என்று அது கூறுகிறது. மனித உடலில் குருதி ஓடும் நாளங்களைப் போல நிலத்தினுள்ளும் நீர் நாளங்கள் உள்ளன என்பது அவ்வியலின் அடிப்படைக் கருத்து. வானிலிருந்து ஒரே சுவையுடன் விழும் நீர், மண்ணுக்கு ஏற்பப் பல சுவைகளைப் பெறுகிறது என்ற கருத்தும் அதில் காணப்படுகிறது.

தமிழில் கேணி, கூவல், துரவு, கிணறு, ஊருணி, ஊற்று எனப் பல சொற்கள் உள்ளன. கூவல் என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே வருகிறது. கிணறு தோண்ட இடம் காணும் கலையைக் கூறும் நூலுக்குக் கூவநூல் என்று பெயர். மணற்கேணியில் தோண்டத் தோண்ட நீர் சுரப்பதைக் கல்விக்கு உவமையாக்கியது திருக்குறள்.

பாரசீக நாட்டில் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-கராஜி, மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றித் தனி நூல் எழுதினார். மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கக் கால்வாய் வழியாகச் சமவெளிக்குக் கொண்டுவரும் கனாத்து முறை அந்நாட்டில் ஏற்கெனவே பரவியிருந்தது. அவருடைய நூல் அதற்கான அளவைக் கருவிகளையும் விளக்கியது.

ஐரோப்பாவில் ஊற்றுகளின் மூலம் எது என்பது நெடுங்காலம் தீராத கேள்வியாக இருந்தது. கடல்நீர் நிலத்தடிக் குகைகள் வழியாக மலைகளுக்கு ஏறி, உப்பு நீங்கி, ஊற்றாக வெளிவருகிறது என்ற கருத்து பதினேழாம் நூற்றாண்டிலும் செல்வாக்குடன் இருந்தது. அத்தனாசியசு கிர்ச்சர் 1665இல் வெளியிட்ட நூல் அதை விரிவான படங்களுடன் விளக்கியது. இதற்கு மாறாக, மண்பாண்டக் கலைஞரான பெர்னார் பாலிசி 1580இலேயே ஊற்றுநீர் முழுவதும் மழையிலிருந்து வருவதே என்று எழுதியிருந்தார். 1674இல் பியர் பெரோ அதை அளந்து காட்டினார். சேன் ஆற்றின் மேற்பகுதியில் விழும் மழையின் அளவையும், ஆற்றில் ஓடும் நீரின் அளவையும் ஒப்பிட்ட அவர், மழை ஆற்றுநீரைப்போல் ஆறு மடங்கு இருப்பதைக் கண்டார். மழையே ஆற்றுக்கும் ஊற்றுக்கும் போதுமானது என்பது இக்கணக்கால் உறுதியானது.

லமார்க்கின் நூல், 1802

உயிரினங்களின் மாற்றம் பற்றிய கொள்கையால் பெரிதும் அறியப்படும் பிரெஞ்சு இயற்கை அறிஞர் ழான் பாப்டிசுட் லமார்க், 1802இல் ஐட்ரோஜியாலஜி என்ற பெயருடைய நூலை வெளியிட்டார். அதன் பொருள் நிலவுலகின் மேற்பரப்பை நீர் எவ்வாறு மாற்றி அமைக்கிறது என்பதாகும். ஆறுகள் மலைகளை அரிப்பது, கடல் தன் படுகையை மெல்ல இடம் மாற்றுவது, கடலிலிருந்து மிகத் தொலைவில் சிப்பி முதலியவற்றின் தொல்லெச்சங்கள் கிடைப்பது, பாறைப் பொருள்கள் உருவாக உயிரினங்கள் காரணமாவது ஆகியவை அதில் பேசப்பட்டன. கிணற்று நீரைத் தேடும் ஒருவருக்கு அந்நூலில் பயன்படக்கூடியது மிகக் குறைவு.

லமார்க்கிடம் ஒரு பெரிய திட்டம் இருந்தது. நிலவுலகைப் பற்றிய அறிவை மூன்றாகப் பிரித்து, காற்றுமண்டலத்தை ஆராய்வது வானிலையியல், நிலத்தின் மேலோட்டை ஆராய்வது ஐட்ரோஜியாலஜி, உயிர்களை ஆராய்வது பயாலஜி என அவர் வகுத்தார். பயாலஜி என்ற சொல்லும் அந்த நூலில் இடம்பெற்றுள்ளது. பயாலஜி ஏறக்குறைய அதே பொருளுடன் உலகெங்கும் நிலைபெற்றது. தமிழில் அது உயிரியல் ஆயிற்று. ஐட்ரோஜியாலஜியோ அவர் கொடுத்த பொருளில் வழக்கூன்றவில்லை. நூலும் அக்காலத்தில் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. ஆங்கிலத்தில் அதன் மொழிபெயர்ப்பு 1964இல்தான் வந்தது.

டிஜோன் நகரின் மணல் குழாய், 1856

நிலத்தடி நீர் ஆய்வுக்கு அளவைமுறையான அடிப்படையை அளித்தவர் ஆன்றி டார்சி. பிரான்சின் டிஜோன் நகரைச் சேர்ந்த இப்பொறியாளர், நகருக்கு வெளியே பல கிலோமீட்டர் தொலைவிலிருந்த உரோசுவார் ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவரும் பணியை 1840 அளவில் முடித்தார். பிறகு நீரை வடிகட்டும் மணலின் தேவையான பரப்பையும் தடிப்பையும் கணக்கிடுவதற்காக, 1855, 1856 ஆகிய ஆண்டுகளில் மணல் நிரப்பிய செங்குத்துக் குழாயில் நீரைச் செலுத்தி அளவெடுத்தார். டிஜோன் நகரின் பொது நீரூற்றுகள் பற்றிய அவரது நூல் 1856இல் வெளிவந்தபோது, இந்தச் சோதனைகள் அதன் பின்னிணைப்பில் இடம்பெற்றன.

அவர் கண்ட விதி எளியது. மணலின் வழியே ஒரு நொடியில் செல்லும் நீரின் அளவு, குழாயின் குறுக்குப் பரப்புக்கும் இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். மணல் நிரம்பிய நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விகித மாறிலியின் மதிப்பு மணலுக்கு மணல் மாறும். பருமணலில் அது கூடுதல், களிமண்ணில் மிகமிகக் குறைவு.

இவ்விதியின் சிறப்பை மாணவர் எளிதில் உணரலாம். நிலத்தடி நீர் தன்னிச்சையாகவோ, மறைவான நாளங்களில் மட்டுமோ ஓடுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் ஆறு போல, அதுவும் உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து தாழ்ந்த நீர்மட்டத்துக்கு நகர்கிறது. வேகம் மட்டும் மிகக் குறைவு. இரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தையும் இடையிலுள்ள மண்ணின் தன்மையையும் அறிந்தால், நீர் எத்திசையில் எவ்வளவு நகரும் என்று கணக்கிட முடியும்.

நீதிமன்றங்கள் எழுதிய பொருள்

அறிவியல் இந்த இடத்தை அடைந்துகொண்டிருந்த அதே காலத்தில் சட்டம் வேறு முடிவுக்கு வந்திருந்தது. இங்கிலாந்தின் இலங்காசயர் பகுதியில் ஒருவர் தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தால் மற்றொருவரின் ஆலைக்கு நீர் அளித்த கிணறு வற்றியது. 1843இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற அவ்வழக்கில், தம் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுக்க நிலத்தின் உரிமையாளருக்கு உரிமை உண்டு, அதனால் அண்டையவர் கிணறு வற்றினாலும் இழப்பீடு கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. 1859இல் சேசுமோர் எதிர் ரிச்சர்ட்சு வழக்கும் இவ்வாறே முடிந்தது. குரோய்டன் நகரின் உள்ளாட்சி அமைப்பு பெரிய கிணறு தோண்டி நீர் இறைத்ததால், வாண்டில் ஆற்றுக்குச் சென்று சேரவேண்டிய நிலத்தடி நீர் குறைந்து, ஆற்றங்கரை ஆலை ஒன்று பாதிக்கப்பட்டது. பல்லாண்டுகள் ஆற்றுநீரைப் பயன்படுத்தி வந்த ஆலை உரிமையாளருக்கு அவ்வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ஒகையோ மாநில உச்ச நீதிமன்றம் 1861இல் பிரேசியர் எதிர் பிரவுன் வழக்கில் இதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்துக் கூறியது. நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்பது மனித அறிவுக்கு எட்டாத மறைபொருள், ஆகவே அதற்கு விதி வகுக்க முயல்வது வீண் என்பதே அதன் சாரம். டார்சியின் நூல் வெளிவந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் சிந்தனை இந்தியாவுக்கும் வந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று, வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீர் முழுவதையும் தம் எல்லைக்குள் சேகரிக்கவும் பயன்படுத்தவும் நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது.

இங்கே வரையறுத்த வாய்க்கால் என்ற தொடர் கவனிக்கத்தக்கது. நிலத்துக்கு அடியில் ஆறு போல ஓடினால்தான் அது பொதுநீர். மண்ணிலும் பாறையிலும் பரவிக் கசிந்தால் அது நிலத்துக்குரியவரின் நீர். உண்மையில் நிலத்தடி நீரில் மிகப் பெரும்பகுதி பரவிக் கசியும் நீரே. சுண்ணாம்புப் பாறைக் குகைகள் போன்ற சில இடங்களில்தான் நிலத்தடி ஓடைகள் உண்டு. ஆகவே விதிவிலக்கு விதியாகவும், விதி விதிவிலக்காகவும் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. ஒகையோ நீதிமன்றம் தன் 1861ஆம் ஆண்டுத் தீர்ப்பை 1984இல் கைவிட்டது. இந்தியச் சட்டத்தின் எடுத்துக்காட்டு நீக்கப்படவில்லை.

சொல் புதுப்பொருள் பெறுதல்

1870களில் இங்கிலாந்தின் ஜோசப் லூகாசு ஐட்ரோஜியாலஜி என்ற சொல்லை நிலத்தடி நீர் ஆய்வுக்குப் பெயராக எழுதத் தொடங்கினார். அரசின் பாறையியல் அளவைத் துறையில் பணிபுரிந்த இவர், இலண்டன் சுற்றுவட்டாரத்துச் சுண்ணப் பாறைகளில் நீர் நிற்கும் மட்டத்தைப் படமாக வரைந்தார். நிலத்தின் உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகளைப் போல நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கோடுகள் இடலாம், அவற்றைக் கொண்டு பெருநகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்கலாம் என்பது அவர் கருத்து. 1877இல் இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரையும் வெளியிட்டார். சொல் லமார்க்கின் பொருளிலிருந்து விலகி இன்றைய பொருளுக்கு வந்த இடம் இதுவே.

அமெரிக்காவில் தாமசு சேம்பர்லின் 1885இல் ஆர்ட்டீசியன் கிணறுகளுக்கு வேண்டிய நிலைமைகளை விளக்கினார். நீர் புகாத இரு படுகைகளுக்கு இடையே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நீர், துளையிட்டதும் தானாக மேலே வருவதே ஆர்ட்டீசியன் கிணறு. பிரான்சின் ஆர்த்துவா பகுதியின் பெயரிலிருந்து இச்சொல் உண்டானது. அமெரிக்க அரசின் பாறையியல் அளவைத் துறையில் நிலத்தடி நீர்ப் பிரிவை நெடுங்காலம் நடத்திய ஆசுகர் மெய்ன்சர், 1923இல் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டார். நீர்கொள் படுகை, நீர்மட்டம், செறிவு மண்டலம் முதலிய சொற்களுக்கு அவற்றில் அவர் தந்த வரையறைகளே பிற்காலப் பாடநூல்களுக்கு அடிப்படையாயின. 1942இல் அவர் பதிப்பித்த நூலில் நிலத்தடி நீரின் ஆய்வை நீரியலின் ஒரு பிரிவாகக் கொண்டு ஜியோஐட்ராலஜி என்று குறித்தார்.

1935இல் சார்லசு தைசு, கிணற்றில் தொடர்ந்து நீர் இறைத்தால் சுற்றியுள்ள நீர்மட்டம் காலப்போக்கில் எப்படித் தாழும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தார். உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதற்கும் பாறையில் நீர் நகர்வதற்கும் உள்ள ஒப்புமையே அவருக்கு வழிகாட்டியது. 1843இல் நீதிமன்றம் விடையளிக்க இயலாது என்று விட்ட கேள்விக்கு, அதாவது ஒருவரின் இறைப்பால் அண்டையவர் கிணறு எவ்வளவு குறையும் என்பதற்கு, எண்ணால் விடை கூற இச்சமன்பாடு உதவியது. 1956இல் பன்னாட்டு நீர்நிலவியலாளர் சங்கம் தோன்றியபின் லமார்க் உருவாக்கிய சொல் லூகாசின் பொருளில் உலகெங்கும் உறுதிப்பட்டது.

இந்தியாவில்

இந்திய அரசு 1954இல் ஆய்வுக் குழாய்க்கிணறுகள் அமைப்பைத் தொடங்கியது. அது 1970இல் மத்திய நிலத்தடி நீர் வாரியமாகப் பெயர் மாறியது. பாறையியல் அளவைத் துறையிலிருந்த நிலத்தடி நீர்ப் பிரிவு 1972இல் இவ்வாரியத்துடன் இணைந்தது. துளையிடும் பொறியாளரும் பாறையை ஆராய்பவரும் ஒரே கூரையின்கீழ் வந்ததால், நீர்நிலவியலாளர் என்ற பதவிப்பெயர் அரசுப் பணியில் வழக்கமாயிற்று. 1997இல் உச்ச நீதிமன்ற ஆணையை அடுத்து மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது. 2012 முதல் நாடு முழுவதும் நீர்கொள் படுகைகளை வரைபடமாக்கும் பணி நடந்துவருகிறது.

தமிழ்நாட்டில் இத்துறையின் தேவையைக் காட்டும் இடங்கள் பல. மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கருங்கல் போன்ற கடினப்பாறை. அங்கே நீர், பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நீர்கொள் படுகை உள்ளது. இடைவிடாமல் நீரை இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் மேலெழும்பி உடையும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைவதால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டன. அதனாலேயே காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்கடியில் உட்புகுந்தது.

கடலோரத்து நீரின் நிலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், பின்னர் செருமனியின் எர்ட்சுபெர்க்கும் விளக்கினர். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சற்றே அதிகம். எனவே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். ஒரு மீட்டர் குறைந்தால் அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலெழக்கூடும். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லில் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீரை நம்பியே மக்கள் கிணற்றுப்பாசனம் செய்துவருகின்றனர். அங்கே இந்தக் கணக்கு வாழ்க்கைக் கணக்கு.

தமிழில் இச்சொல்

ஜியாலஜி என்ற துறைக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறாததால் ஐட்ரோஜியாலஜிக்கும் பல பெயர்கள் உண்டாயின. தமிழ்நாட்டு அரசில் புவியியல் மற்றும் சுரங்கத்துறை என்ற பெயரில் புவியியல் என்பது பாறைகளைப் பற்றிய துறை. பள்ளிப் பாடநூலிலோ புவியியல் என்பது நாடு, மலை, ஆறு, காலநிலை ஆகியவற்றைக் கூறும் பாடம். ஆகவே நீர்ப்புவியியல் என்று எழுதினால் மாணவருக்குக் குழப்பம் நேரலாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பாறைத்துறைக்குப் புவிச்சரிதவியல் என்ற பெயரைக் கொண்டு இக்குழப்பத்தைத் தவிர்த்தன. நிலவுலகின் சரித்திரம் கூறும் இயல் என்ற பொருள் அதில் நன்கு விளங்குகிறது.

நிலவியல் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நிலம், இயல் என்பவை சேரும்போது மகரம் கெட்டு வகர உடம்படுமெய் தோன்றி நிலவியல் ஆகும். நிலவு, இயல் என்பவை சேர்ந்தாலும் நிலவியல் என்றே வரும். தனியே பார்த்தால் சந்திரனைப் பற்றிய ஆய்வு என்றும் கொள்ள இடமுண்டு. நீர் என்ற சொல் முன்னால் வரும்போது இந்த ஐயம் நீங்கிவிடுகிறது. நீர்நிலைகளைப் பற்றிய இயல் என்று சிலர் பொருள்கொள்வது தவறு. அதற்கு நீர்நிலையியல் என்றே வடிவம் அமையும்.

நிலத்தடி நீரியல் என்ற தொடர் படித்தவுடன் பொருள் விளங்கும் சிறப்புடையது. பொதுமக்களுக்கான எழுத்தில் அதுவே ஏற்றது. பாறையின் பங்கை வலியுறுத்த வேண்டிய இடத்தில் நீர்நிலவியல் பொருந்தும். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

நீரியல் என்பது மழை, ஆறு, ஏரி, நிலத்தடி நீர், ஆவியாதல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பெருந்துறை. நீர்நிலவியல் அதில் நிலத்துக்கு அடியிலுள்ள நீரைப் பாறையோடு சேர்த்து ஆராயும் பகுதி. அணையில் எவ்வளவு நீர் சேரும் என்பது நீரியல் கேள்வி. அந்த அணைக்கருகே உள்ள கிணறுகளில் நீர் ஏன் ஏறுகிறது என்பது நீர்நிலவியல் கேள்வி.

நீரோட்டம் பார்த்தல் என்று ஊர்களில் வழங்கும் முறை இத்துறையைச் சேர்ந்ததன்று. கவைக்குச்சியோ தேங்காயோ கையில் ஏந்தி இடம் குறிப்பவரின் முறை, கட்டுப்பாடான சோதனைகளில் தற்செயலைவிடச் சிறந்த பயனைத் தரவில்லை. நீர்நிலவியலாளர் பாறையின் வகை, வெடிப்புகளின் போக்கு, பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் ஆகியவற்றைப் பார்க்கிறார். நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி மின்தடையை அளக்கிறார். துளையிட்டபின் இறைப்புச் சோதனை நடத்துகிறார்.

ஆயினும் நீரோட்டம், ஊற்றுக்கண் என்ற சொற்களே நிலத்தடி நீரைப் பற்றி மக்கள் மனத்தில் பதிந்துள்ள படத்தைக் காட்டுகின்றன. கடினப்பாறை நாட்டில் வெடிப்பின் வழியே நீர் பீறிடுவதைக் கண்ட உழவர் அவ்வாறு பெயரிட்டது இயல்பே. அச்சொற்களிலிருந்து, இந்த ஓட்டம் என் நிலத்தில் வந்தது, ஆகவே எனக்குரியது என்று எண்ணுவதும் எளிதாகிறது. நீர்கொள் படுகை என்ற சொல் வேறு படத்தைத் தருகிறது. ஊரின் நூறு கிணறுகளும் ஒரே படுகையில் இறங்கியிருக்கின்றன. ஒருவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்கினால், அண்டையவரின் திறந்தவெளிக் கிணறு முதலில் வற்றும். கடன் வாங்கி அவரும் ஆழமாக்குவார். பணம் இல்லாதவர் பயிரை விட்டுவிடுவார்.

உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. நடுவண் அரசு 1970 முதல் மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டவரைவுகளை அனுப்பி வந்துள்ளது. சென்னை மாநகரப் பகுதிக்கு 1987இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாடு முழுமைக்குமாக 2003இல் இயற்றிய சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. இந்நிலையில், நிலத்துக்கடியில் உள்ள நீர் நிலத்துக்குரியவரின் நீர் என்ற 1882ஆம் ஆண்டின் கருத்தே நடைமுறையில் பெரிதும் நிலவுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் படுகை வரைபடங்களில் சர்வே எண்களின் எல்லைக்கோடுகளைக் கடந்து ஒரே நிறத்தில் பரந்து கிடக்கிறது அதே நீர்.